உடலுக்குள்ளும் பால்மரத்துக்குள்ளும் உழைக்கும் நொதிகள்

தோசைக்கு அரைத்து வைத்த மாவு ஓரிரவில் பொங்கி எழுகிறது. காயாக இருந்த வாழைத்தார் சில நாட்களில் கனிந்து இனிக்கிறது. ஆட்டிறைச்சி வேகும் சட்டியில் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போட்டால் இறைச்சி விரைவில் மெதுவாகிறது. காலையில் வெள்ளை வெளேரென மங்கில் வடிந்த பால், கவனியாது விட்டால் நிறம் மங்குகிறது. இவை யாவும் நாம் நாள்தோறும் காணும் நிகழ்ச்சிகள். ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இவை அனைத்திற்கும் அடிப்படையாக ஒரே வகைப் பொருள் அமைந்திருக்கிறது. அதனை அறிவியலார் 'என்சைம்' என்பர். தமிழில் நாம் அதனை 'நொதி' என வழங்குகிறோம்.

நொதிகளைப் பற்றி அறிந்துகொள்வது பள்ளி மாணவர்களுக்கு மட்டுமே உரிய வேலையன்று. மருந்தடிப்பு வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கும், கைக்குழந்தையைப் பேணும் தாய்க்கும், மலிவாகக் கிடைக்கிறதென்று சம்சுவை நாடும் குடும்பத் தலைவருக்கும் அது உயிரைக் காக்கும் அறிவாகும். ஆகவே, இக்கட்டுரையில் நொதி என்பது யாது, அது எவ்வாறு வேலை செய்கிறது, எவ்வாறு வகைப்படுத்தப்படுகிறது, எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது, அதன் வேலை தடைப்பட்டால் நமக்கு நேரும் இடர்கள் யாவை என்பவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நொதி என்பது யாது?

சர்க்கரையை டின்னில் போட்டு ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தாலும் அது தானாக எரிந்துவிடுவதில்லை. நெருப்பிலிட்டால்தான் எரியும். ஆனால் அதே சர்க்கரையை நாம் உண்டால், 37 பாகை செல்சியஸ் வெப்பமே உள்ள நம் உடலுக்குள் அது சிறிது சிறிதாக எரிந்து, மரத்துக்கு மரம் நடப்பதற்கும் வாளி சுமப்பதற்கும் வேண்டிய ஆற்றலைத் தருகிறது. நெருப்பு இல்லாமல் இவ்வேலையைச் செய்து முடிப்பவை நொதிகளே.

நொதிகளில் மிகப் பெரும்பாலானவை புரதத்தால் ஆனவை. அவை ஓர் இரசாயன மாற்றத்தைப் பன்மடங்கு விரைவுபடுத்துகின்றன. ஆனால், தாம் செலவாகிப் போவதில்லை. ஒரே கத்தி காலைமுதல் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவினாலும் கத்தியாகவே எஞ்சியிருப்பதைப் போல, ஒரு நொதியும் ஒரு மாற்றத்தை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஆயத்தமாகிவிடுகிறது. அதன் வேகமோ வியக்கத்தக்கது. காயத்தின் மீது மருந்தகத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும்பொழுது நுரை பொங்குவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். நம் குருதியில் உள்ள 'கேட்டலேஸ்' என்னும் நொதி அம்மருந்தை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதே அந்நுரைக்குக் காரணம். ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு ஒரு வினாடியில் பல மில்லியன் பெராக்சைடு மூலக்கூறுகளைப் பிரிக்க வல்லது.

இவ்வுண்மைகளை மனிதன் ஒரே நாளில் கண்டுவிடவில்லை. 1833இல் பிரெஞ்சு நாட்டவரான பயான், பெர்சோ ஆகிய இருவரும் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து, மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தனர். 1877இல் ஜெர்மானியரான கியூனே, 'ஈஸ்ட்டுக்குள் இருப்பது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'என்சைம்' என்னும் பெயரை ஆக்கினார். 1897இல் எடுவர்டு புக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். உயிரணு ஒன்றுகூட எஞ்சாத அச்சாறு, சர்க்கரையை நொதிக்கச் செய்தது. நொதித்தலுக்கு உயிரணு முழுதும் தேவையில்லை, அதனுள் உள்ள பொருள் போதும் என்பது அன்று நிறுவப்பட்டது. அவருக்கு 1907இல் நோபல் பரிசு கிடைத்தது. 1926இல் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து 'யூரியேஸ்' என்னும் நொதியைப் படிகமாக எடுத்து, அது புரதமே என்று காட்டினார்.

பூட்டும் சாவியும்

தோட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திலுள்ள ஸ்டோருக்குப் பால் வாளியைச் சுமந்து செல்ல வேண்டும். இடையே ஒரு குன்று நிற்கிறது என்று கொள்வோம். குன்றின் மீது ஏறி இறங்குவது கடினம். சிலரே அவ்வாறு செல்ல இயலும். குன்றின் குறுக்கே தாழ்வாக ஒரு பாதை வெட்டிவிட்டால் அனைவரும் எளிதாகச் சென்றுவிடுவர். புறப்படும் இடமும் மாறவில்லை, சேரும் இடமும் மாறவில்லை. ஏற்றம் மட்டுமே குறைந்தது. நொதி செய்யும் வேலை இதுவே. ஒரு மாற்றம் தொடங்குவதற்கு வேண்டிய ஆற்றலின் அளவை அது குறைத்துவிடுகிறது.

ஒவ்வொரு நொதியின் மேற்பரப்பிலும் ஒரு சிறு குழிவு உண்டு. அக்குழிவுக்குப் பொருந்தும் பொருள் மட்டுமே அதனுள் அமர்ந்து மாற்றமடையும். 1894இல் எமில் பிஷர் இதனைப் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார். ஒருவர் வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பூட்டைத் திறப்பதில்லை. அதுபோலவே சோற்றைச் செரிக்கும் நொதி இறைச்சியைச் செரிப்பதில்லை. 1958இல் கோஷ்லண்டு என்பார் இக்கருத்தை மேலும் திருத்தினார். பொருள் வந்து அமரும்பொழுது நொதியும் தன் வடிவைச் சற்றே மாற்றிக்கொண்டு அதனைப் பற்றிக்கொள்கிறது என்றார். கை நுழையும்பொழுது கையுறை வடிவு கொள்வதைப் போல.

சில நொதிகளுக்குத் துணைப்பொருள் வேண்டும். வைட்டமின்கள் பல இத்துணைப் பொருள்களாகப் பயன்படுகின்றன. இதற்குச் சான்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பல உயிர்களைக் கொண்டுசென்றது. நன்கு தீட்டிய பச்சரிசியை உண்டவர்களே பெரும்பாலும் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. மருத்துவர் பிரேடன் இதனை எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும் நெகிரி செம்பிலானில் சாலைத் தொழிலாளர்களிடையே ஆய்வு நடத்தி இதனை உறுதிப்படுத்தினர். அரிசியின் தவிட்டில் உள்ள தயமின் என்னும் வைட்டமின், சர்க்கரையை எரிக்கும் நொதிகளுக்குத் துணைப்பொருள் என்பது பின்னர் தெளிவாயிற்று. தீட்டும்பொழுது தவிடு போகிறது. அதனோடு வைட்டமினும் போகிறது. நெல்லைப் புழுக்கும்பொழுதோ அச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. நம் முன்னோர் கொண்டுவந்த உணவுப் பழக்கம் அவர்களது உயிரைக் காத்தது.

ஏழு வகுப்புகள்

நொதிகள் பலவற்றிற்கு ஆளுக்கொரு பெயர் சூட்டிக் குழப்பம் நேர்ந்ததால், அனைத்துலக நொதிக் குழு ஒன்று அமைக்கப்பட்டு, 1961இல் தன் முதல் அறிக்கையை வெளியிட்டது. நொதி செய்யும் வேலையை வைத்து ஆறு வகுப்புகள் வகுக்கப்பட்டன; 2018இல் ஏழாவது வகுப்பு சேர்க்கப்பட்டது. அவையாவன:

1. ஆக்சிஜனேற்ற ஒடுக்க நொதிகள். பாலின் நிறத்தை மங்கச் செய்யும் நொதியும், சாராயத்தை ஈரலில் மாற்றும் நொதியும் இவ்வகுப்பைச் சேர்ந்தவை.

2. மாற்றும் நொதிகள். ஒரு பொருளின் பகுதியை எடுத்து வேறொன்றில் சேர்ப்பவை. ரப்பரை உருவாக்கும் நொதி இவ்வகுப்பினது.

3. நீர் சேர்த்துப் பகுக்கும் நொதிகள். செரிமான நொதிகள் இவ்வகையின. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதற்குக் காரணம், உமிழ்நீரில் உள்ள 'அமிலேஸ்' மாவுப்பொருளைப் பகுப்பதே. பப்பாளிக்காயின் பாலில் உள்ள 'பப்பெய்ன்' இறைச்சியின் புரதத்தைப் பகுக்கிறது. பப்பாளிக்காயின் தோலைக் கீறி, வடியும் பாலைச் சேர்த்து உலர்த்தி இதனை எடுக்கின்றனர். அதுவும் ஒரு வகைப் பால்வெட்டே!

4. பிரிக்கும் நொதிகள். நீரின் துணையின்றிப் பிணைப்பை நீக்குபவை. குருதியில் கரியமில வாயுவை ஏற்றி இறக்க உதவும் 'கார்பானிக் அன்ஹைட்ரேஸ்' இவ்வகுப்பில் அடங்கும்.

5. உருமாற்றும் நொதிகள். ஒரு சர்க்கரையை மற்றொரு சர்க்கரையாக்குவன போன்றவை.

6. இணைக்கும் நொதிகள். ஆற்றலைச் செலவிட்டு இரண்டை ஒன்றாக்குபவை.

7. கடத்தும் நொதிகள். உயிரணுச் சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்குப் பொருள்களைக் கொண்டுசெல்பவை.

அடையாள அட்டையில் நமக்கு எண் இருப்பதுபோல் ஒவ்வொரு நொதிக்கும் நான்கு பகுதிகள் கொண்ட எண் உண்டு. நரம்பு வேலைக்கு இன்றியமையாத 'அசிட்டைல்கோலினெஸ்டரேஸ்' நொதியின் எண் 3.1.1.7 ஆகும். முதல் எண் வகுப்பையும், அடுத்த இரண்டும் உட்பிரிவுகளையும், இறுதி எண் வரிசையையும் குறிக்கும். இந்நொதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப்பற்றிப் பின்னர் விரிவாகக் காண்போம்.

பால்மரம் என்னும் தொழிற்சாலை

இலைகள் வெயிலின் துணையால் ஆக்கும் சர்க்கரை, பட்டையில் உள்ள பால் குழாய்களை வந்தடைகிறது. அங்கே நொதிகள் பல, வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக அதனை மாற்றி, ஐந்து கரி அணுக்கள் கொண்ட சிறு கண்ணிகளாக்குகின்றன. நுண்ணிய ரப்பர்த் துகள்களின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கும் நொதி, இக்கண்ணிகளை ஆயிரக்கணக்கில் கோத்து நெடுஞ்சங்கிலி ஆக்குகிறது. அச்சங்கிலியே ரப்பர். வெட்டிய பால் மீண்டும் ஊறுவதற்கு நாள் இடைவெளி விடுவது ஏன் என்பது இப்பொழுது விளங்கும். நொதிகள் தம் வேலையை முடிக்க நேரம் வேண்டும்.

ஷீட்டும் கிரேப்பும் கறுத்துப் போவதும் நொதியின் வேலையே. பாலில் உள்ள பினால் பொருள்களை ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்த்து நிறமேற்றுகிறது. வெளிர்நிறக் கிரேப் செய்கையில் சோடியம் பைசல்பைட்டு சேர்ப்பது இதனைத் தடுக்கவே.

கட்டுப்பாடு என்னும் கடிவாளம்

எல்லா நொதிகளும் எப்பொழுதும் முழு வேகத்தில் உழைத்தால் உயிர் நிலைக்காது. ஆகவே இயற்கை அவற்றிற்குப் பல கடிவாளங்களை இட்டிருக்கிறது.

முதலாவது, சூழ்நிலை. வெப்பம் மிகுந்தால் நொதியின் வடிவு சிதைந்துவிடும். அவித்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாததைப் போல. புளிப்பின் அளவும் அத்தகையதே. இரைப்பையின் 'பெப்சின்' கடும் புளிப்பில்தான் வேலை செய்யும். உமிழ்நீரின் அமிலேஸ் அப்புளிப்பில் செயலிழந்துவிடும்.

இரண்டாவது, உறை. பெப்சின் முதலில் செயலற்ற வடிவிலேயே சுரக்கிறது. இரைப்பையை அடைந்து, அங்குள்ள அமிலம் பட்ட பிறகே கூர்மை பெறுகிறது. உறையிலிட்ட கத்தியைப் போல அது வருவதால், அதனைச் சுரக்கும் உறுப்பு அரிக்கப்படாமல் தப்புகிறது.

மூன்றாவது, தனியறை. பால் குழாயில் 'லூட்டாய்டு' எனப்படும் நுண்ணிய பைகள் உள்ளன. அவற்றுள் பல நொதிகளும் புரதங்களும் அடைபட்டுள்ளன. மரத்தை வெட்டியபின் அப்பைகள் உடைய, உள்ளிருப்பவை ரப்பர்த் துகள்களை ஒட்டச் செய்து குழாயின் வாயை அடைக்கின்றன. சில மணி நேரத்தில் பால் வடிவது நிற்பது இதனாலேயே. இது மரத்தின் தற்காப்பு. எத்திபோன் மருந்து பட்டையில் எத்திலீன் வாயுவை வெளியிட்டு, பால் வடியும் நேரத்தை நீட்டுகிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. மிகையாகத் தூண்டப்பட்ட மரத்தில் பட்டை வறண்டு பால் நின்றுவிடக்கூடும்.

நான்காவது, விளைபொருளே தரும் தடை. ஸ்டோரில் தொட்டிகள் நிறைந்துவிட்டால், மேற்கொண்டு பால் அனுப்பவேண்டாம் என்று கிராணி சொல்லி அனுப்புவார் அல்லவா? அதுபோல, வரிசையின் இறுதியில் உண்டாகும் பொருள் மிகுந்ததும், அதுவே திரும்பிச் சென்று முதல் நொதியைப் பற்றி நிறுத்திவிடுகிறது. பொருள் குறைந்ததும் பிடி தளர்ந்து வேலை மீண்டும் தொடங்கும். 1956இல் நுண்ணுயிர்களில் இம்முறை கண்டறியப்பட்டது.

ஐந்தாவது, விசை. விடியற்காலையில் நிரையில் நடக்கும்பொழுது காலடியில் பாம்பைக் கண்டால் நொடியில் நமக்கு எங்கிருந்தோ வலிமை வருகிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு குருதியில் கலந்து செய்தி சொல்ல, உயிரணுவுக்குள் நொதியின்மீது பாஸ்பேட்டு ஒன்று பொருத்தப்படுகிறது. விளக்கின் விசையைத் தட்டியதுபோல் அந்நொதி விழித்தெழுந்து, சேமிப்பிலுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகிறது. இவ்விசையைக் கண்டறிந்த கிரெப்ஸ், பிஷர் ஆகிய இருவருக்கும் 1992இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவையன்றி, எந்த நொதியை எவ்வளவு உண்டாக்குவது என்பதையும் உயிரணு தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது.

மருந்தடிப்போர் கவனத்திற்கு

மேலே குறிப்பிட்ட 3.1.1.7 எண் நொதியை இங்கே மீண்டும் காண்போம். நரம்பு தசைக்குக் கட்டளையிடும்பொழுது அசிட்டைல்கோலின் என்னும் பொருளை வெளிவிடுகிறது. கட்டளை நிறைவேறியதும் அப்பொருளை உடனே அழிப்பது இந்நொதியின் கடமை. மலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுப் பூச்சிமருந்துகள் இந்நொதியின் குழிவில் ஒட்டிக்கொண்டு அதனை முடக்குகின்றன. பூச்சி சாவது இப்படித்தான். ஆனால் அதே நொதி நமக்கும் உண்டு. மருந்து மூச்சிலும் தோலிலும் புகுந்தால் நம் நொதியும் முடங்கும்.

அப்பொழுது கண்ணின் பாவை ஊசிமுனைபோல் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும், வாந்தி, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு தோன்றும், மூச்சுத் திணறும். வெயிலால் வந்த மயக்கம் என்று எண்ணிப் படுக்க வைத்துவிடலாகாது. நஞ்சின் பிடி நேரம் செல்லச் செல்ல இறுகும். ஆகவே, நொதியை மீட்கும் மாற்று மருந்து விரைவில் செலுத்தப்பட வேண்டும். மருந்து பட்ட உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உதவி செய்வோரும் கையுறை அணிந்துகொள்வது நலம்.

இன்னொன்றையும் அறிதல் வேண்டும். முடங்கிய நொதிக்கு ஈடாகப் புதிய நொதி உண்டாக நாட்கள், ஏன், வாரங்கள்கூட ஆகும். அதற்குள் மீண்டும் மீண்டும் சிறிதளவு மருந்து படுமானால் இழப்பு ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். குருதிச் சோதனையால் இதனைக் கண்டறியலாம். இரசாயனப் பொருள்களால் தொழிலாளருக்கு நேரக்கூடிய இடரை மதிப்பிடுவதும், பயிற்சியும் காப்பு உடையும் தருவதும் முதலாளியின் கடமை என 2000ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறுகின்றன. கையுறையும் முகமூடியும் கேட்டுப் பெறுவது சலுகை கேட்பதாகாது. அது நம் உரிமை.

சம்சுவில் ஒளிந்திருக்கும் அமிலம்

கள்ளச் சாராயத்தில் சில வேளைகளில் மெத்தனால் கலந்துவிடுகிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பலரைப் பலிகொண்டது இதுவே. மெத்தனாலை ஈரலின் நொதிகள் முதலில் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. பார்மிக் அமிலத்தை நாம் அறிவோம். ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றுவது அதுவே! பாலை உறைய வைக்கும் அமிலம் உடலுக்குள் உண்டானால் என்னவாகும்? கண்பார்வை மங்கும், உயிரும் போகும். இங்கே தீங்கு செய்வது மெத்தனாலைவிட, அதனை மாற்றும் நொதியின் வேலையே. எனவே மருத்துவர்கள் அந்நொதியின் குழிவில் வேறொரு பொருளை அமரச் செய்து அதனைத் தடுத்துச் சிகிச்சை அளிக்கின்றனர். இது மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கது. குடித்தவர் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் போதை என்று விட்டுவிடாமல் விரைந்து கொண்டுசெல்லுங்கள்.

பிறந்த குழந்தையின் நொதி

நம் நாட்டு மருத்துவமனைகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடிக் குருதியில் ஜி-6-பி.டி. என்னும் நொதியைச் சோதிக்கின்றனர். சிவப்பணுக்களைக் காப்பது இந்நொதி. சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவாக இருக்கும். தாய்வழி வரும் இக்குறை ஆண் குழந்தைகளிடமே மிகுதி. இது தொற்றுநோயன்று, எவருடைய குற்றமுமன்று. பெரும்பாலோர் நலமாகவே வாழ்வர். ஆனால் சில பொருள்கள் பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலையும் குருதிச்சோகையும் தோன்றும். பிறந்த குழந்தைக்குக் காமாலை முற்றினால் மூளையே பாதிக்கப்படும்.

ஆகவே, துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையை அக்குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கலாகாது. பெட்டியிலிருந்து எடுத்த பழைய துணியில் அப்படியே குழந்தையைச் சுற்றலாகாது. ஃபாவா அவரையைத் தவிர்க்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் எந்த மாத்திரையும், நாட்டு மருந்தும் கொடுக்கலாகாது. எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் குழந்தையின் சோதனை அட்டையைத் தவறாது காட்ட வேண்டும். குழந்தையின் கண்ணோ தோலோ மஞ்சளித்தால், சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இந்நொதிகள் இரவும் பகலும் நமக்காக உழைக்கின்றன. அவற்றிற்கு நாம் செய்ய வேண்டிய கைம்மாறு எளியது. சத்துள்ள உணவை உண்போம். காப்பு உடையின்றி மருந்துத் தெளிப்பானைத் தொடாதிருப்போம். கள்ளச் சாராயத்தை விலக்குவோம். குழந்தையின் சோதனை அட்டையைப் பத்திரமாக வைப்போம். இச்செய்தியை அறியாத அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வோமாக.